கேட்காதவனுக்கு எவ்வளவு?
மெய்நிகர் இயந்திரங்களில் மெமரி பேண்ட்வித்தும் டீஃபால்ட் மதிப்பும்

இரண்டாம் ஆண்டு, கணினிப் பொறியியல் பட்டயப் பிரிவு



நம்ம லேப்பில் புரோகிராம் எழுதும்போது ஆசிரியர்கள் அடிக்கடி ஒன்று சொல்வார்கள்: "வேரியபிளுக்கு முதல் மதிப்பு கொடுத்தியா?" நாம் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவோம். அந்தச் சின்ன மறதி, பல லட்ச ரூபாய் சர்வரில், உலகம் முழுக்க ஓடுகிற லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே இருந்தது. 2019-ஆம் ஆண்டில்தான் அதைத் திருத்தினார்கள். அதைப் புரிந்துகொள்ள மெய்நிகர் இயந்திரம், மெமரி பேண்ட்வித், டீஃபால்ட் மதிப்பு என்ற மூன்று விஷயங்கள் தெரிந்தால் போதும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. பேண்ட்வித் என்றால் என்ன?

ராம் எவ்வளவு பெரியது என்பது ஒரு கேள்வி. ஒரு வினாடியில் ராமுக்கும் பிராசஸருக்கும் நடுவே எவ்வளவு தகவல் போய்வர முடியும் என்பது வேறு கேள்வி. முதலாவது கொள்ளளவு. இரண்டாவதுதான் பேண்ட்வித்.

நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். திருவொற்றியூர், மணலி பக்கம் எத்தனையோ கன்டெய்னர் யார்டுகள் இருக்கு. ஹார்பரும் பெரியதுதான். ஆனால் நடுவில் இருப்பது எண்ணூர் விரைவுச் சாலையும் ராயபுரத்துக் கேட்டும்தான். யார்டில் எவ்வளவு பெட்டி அடுக்கலாம் என்பதை வைத்து வேலை நடப்பதில்லை. ஒரு மணி நேரத்தில் எத்தனை ட்ரெய்லர் உள்ளே போகும் என்பதை வைத்துத்தான் நடக்கிறது. என் அப்பா ட்ரெய்லர் ஓட்டுகிறவர். "வண்டி ஓட்டின நேரத்தைவிட வரிசையில நின்ன நேரம்தான்டா ஜாஸ்தி" என்பார். பிராசஸரும் பல நேரம் அப்படித்தான் நிற்கிறது.

ஒரு கணக்குப் போடுவோம். டி.டி.ஆர்.4-2666 வகை ராம், ஒரு வினாடியில் 2,666 மில்லியன் முறை தகவல் மாற்றும். ஒரு முறைக்கு 8 பைட்.

2,666 × 8 = 21,328 மெகாபைட்; அதாவது சுமார் 21.3 ஜிகாபைட்.

இது ஒரு சேனலுக்கு. 2017-இல் வந்த இன்டெல் ஜியான் ஸ்கேலபிள் பிராசஸரில் ஆறு சேனல்கள் உண்டு. 21.3 × 6 = சுமார் 128 ஜிகாபைட். கேட்கப் பெரிதாகத் தெரியும். அதில் 20 கோர் இருந்தால் ஒரு கோருக்கு 6.4 ஜிகாபைட்தான் வருகிறது. ஆனால் தனி ஒரு கோர் முழு மூச்சில் இழுத்தால் இதைவிட அதிகமாகவே இழுக்கும். ஆக, எல்லோரும் ஒரே நேரத்தில் இழுத்தால் பாதை போதாது.

2. ஒரே வீட்டில் பல குடித்தனம்

ஒரே கணினியைப் பல கணினிகள் போல நடிக்கவைப்பதுதான் மெய்நிகராக்கம். இது புதிய சங்கதி இல்லை. ஐ.பி.எம். நிறுவனம் 1972-லேயே வி.எம்./370 என்று வெளியிட்டது. லினக்ஸில் கே.வி.எம். என்ற வசதி 2007-இல் 2.6.20 கெர்னலோடு வந்தது. இந்த மெய்நிகர் இயந்திரங்களைத் தொடங்க, நிறுத்த, அளவு குறிக்க உதவும் மேலாண்மை மென்பொருள்களில் ஒன்று லிப்விர்ட்.

மெய்நிகர் இயந்திரத்துக்கு இத்தனை கோர், இத்தனை ஜிகாபைட் ராம் என்று தெளிவாகப் பிரித்துக் கொடுத்துவிடலாம். அது அறைகளைப் பிரிப்பது போல. ஆனால் ராமுக்குப் போகும் பாதை பொது. ஒரே வீட்டில் நாலு குடித்தனம், தெருக்குழாய் மட்டும் ஒன்று என்ற நிலைமைதான்.

முதல் இயந்திரம் பெரிய பேக்கப் வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஜிகாபைட் கணக்கில் இங்கிருந்து அங்கே நகலெடுக்கிறது. இரண்டாவது இயந்திரம், கவுண்டரில் நிற்கிற ஆளுக்கு ஒரு பதிவைத் தேடிக் கொடுக்கிறது. முதலாவது பாதையை அடைத்துக்கொண்டால் இரண்டாவது தவிக்கும். இதில் ஒரு ஏமாற்று உண்டு. டாப் கட்டளையைப் போட்டுப் பார்த்தால் இரண்டாவது இயந்திரத்தின் சி.பி.யு. 100 சதவீதம் வேலை செய்வதாகவே காட்டும். ராமிலிருந்து தகவல் வரக் காத்திருக்கும் நேரமும் "வேலை" என்றே கணக்கில் சேரும். வரிசையில் இன்ஜினை ஓடவிட்டு நிற்கிற வண்டிக்கும் டீசல் செலவாகத்தானே செய்யும்!

3. எம்.பி.ஏ.: கேட்டில் நிற்கிற வாட்ச்மேன்

இந்தத் தொல்லையைக் குறைக்க இன்டெல் செய்த ஏற்பாட்டுக்கு மெமரி பேண்ட்வித் அலொகேஷன், சுருக்கமாக எம்.பி.ஏ., என்று பெயர். லினக்ஸில் ரெஸ்கண்ட்ரோல் என்ற அமைப்பு 2017 தொடக்கத்தில் 4.10 கெர்னலோடு வந்தது, எம்.பி.ஏ. வசதி அதே ஆண்டு 4.12 கெர்னலில் சேர்ந்தது. லிப்விர்ட்டில் "மெமரிடியூன்" என்ற பெயரில் 2018-இல் வந்தது.

பயன்படுத்தும் முறை எளிது. ரெஸ்கண்ட்ரோலுக்குள் ஒரு புதிய டைரக்டரி உருவாக்கினால் அது ஒரு குழு. அதற்குள் ஸ்கீமேட்டா என்று ஒரு கோப்பு தானாக வரும். அதில் எம்.பி. என்ற வரி இப்படி இருக்கும்:

எம்.பி.: 0=100; 1=100

0, 1 என்பவை பிராசஸர் சாக்கெட்டுகள். 100 என்பது சதவீதம். 0=30 என்று எழுதினால் அந்தக் குழுவில் உள்ள இயந்திரத்துக்கு முதல் சாக்கெட்டில் 30 சதவீதக் கட்டுப்பாடு. இந்த வகை ஜியான் சிப்புகளில் குறைந்தபட்சம் 10, பத்துப் பத்தாகத்தான் ஏற்றி இறக்கலாம்.

இங்கேதான் எல்லோரும் தவறாகப் புரிந்துகொள்கிற இடம். 30 என்றால் "பாதையில் 30 சதவீதம் உனக்கென்று ஒதுக்கிவிட்டேன்" என்று அர்த்தம் இல்லை. யார்டு வாசலில் ஒரு வாட்ச்மேன் நிற்கிறார். வண்டிகளை இடைவெளி விட்டு விட்டுத்தான் வெளியே அனுப்புகிறார். அவ்வளவுதான். சாலையில் யாருக்கும் தனி லேன் கிடையாது. அலொகேஷன் என்று பெயர் வைத்திருந்தாலும், செய்வது தடுப்பு வேலைதான்.

இதிலிருந்து மூன்று விஷயங்கள் தெரியவரும்.

(அ) 100 என்றால் "முழுச் சாலையும் எனக்கே" அல்ல. "என் வாசலில் வாட்ச்மேன் இல்லை" என்று பொருள். ஆகவே எல்லாக் குழுவும் ஒரே நேரத்தில் 100 வைத்திருக்கலாம்.

(ஆ) தடுப்பு ஒவ்வொரு கோருக்கும் தனித்தனி. 10 சதவீதம் என்று குறித்த ஒரு கோர் இயந்திரமும், அதே 10 சதவீதம் குறித்த நான்கு கோர் இயந்திரமும் சமம் இல்லை. நாலு வாசல் இருந்தால் நாலு மடங்கு வண்டி வெளியே வரும்.

(இ) வாட்ச்மேன் நிற்பது எல்-2 கேஷுக்கு வெளியே. ஆகவே ராம் வரை போகாமல் எல்-3 கேஷிலேயே வேலையை முடிக்கிற புரோகிராமும் தாமதப்படும். சதவீதம் என்பதே ஒரு தோராயம்தான்.

4. காலிக் கட்டம்: விஷயத்தின் மையம்

இப்போது முக்கியக் கேள்வி. குழு ஒன்றை உருவாக்கினோம். பேண்ட்வித் பற்றி எதுவுமே எழுதவில்லை. அந்த இயந்திரத்துக்கு எவ்வளவு கிடைக்க வேண்டும்? இதற்குத்தான் டீஃபால்ட், முன்னிருப்பு மதிப்பு என்கிறோம். "எழுதலைன்னா ஒண்ணுமில்லை" என்று நினைப்போம். ஆனால் ஹார்டுவேரில் "ஒண்ணுமில்லை" என்று ஒன்று கிடையாது. ரெஜிஸ்டரில் ஏதோ ஓர் எண் இருந்தே தீரும்.

2019-க்கு முன் நடந்தது இதுதான். படிப்படியாகப் பாருங்கள்.

முதல் படி: பி1 என்று ஒரு குழு உருவாக்குகிறோம். ஸ்கீமேட்டாவில் 0=100; 1=100 என்று இருக்கிறது. சரி.

இரண்டாம் படி: பி1-இல் ஓடுகிற பேக்கப் இயந்திரத்தை அடக்க 0=10; 1=20 என்று எழுதுகிறோம்.

மூன்றாம் படி: பேக்கப் முடிந்தது. பி1 டைரக்டரியை நீக்குகிறோம்.

நான்காம் படி: பி2 என்று புத்தம் புதுக் குழு உருவாக்குகிறோம். எதுவும் எழுதவில்லை.

ஐந்தாம் படி: பி2-இன் ஸ்கீமேட்டாவைப் பார்க்கிறோம். 0=10; 1=20!

பி1 போய்விட்டது, பி1-இன் தண்டனை போகவில்லை. பி2-க்கு அது வந்து சேர்ந்துவிட்டது. முன்னால் குடியிருந்தவர் கட்டாமல் போன கரண்ட் பில்லுக்குப் புதுக் குடித்தனக்காரரின் ஃபியூஸைப் பிடுங்கின கதை.

ஏன் இப்படி? டைரக்டரிக்குப் பெயர் நாம் வைப்பது. ஹார்டுவேருக்குப் பெயர் தெரியாது. அதற்கு வகுப்பு எண்தான் தெரியும். அந்த எண்கள் கொஞ்சம்தான். சில ஜியான் சிப்புகளில் எம்.பி.ஏ.வுக்கு மொத்தம் 8 தான். ஆகவே நீக்கிய குழுவின் எண்ணை அடுத்த குழுவுக்குக் கெர்னல் மறுபடி கொடுக்கிறது. எண்ணைக் கொடுத்தது, அந்த எண்ணுக்கான பழைய மதிப்பை அழிக்கவில்லை. கேஷ் பங்கீட்டுக்குப் புதுக் குழுவில் டீஃபால்ட் போடும் நிரல் ஏற்கெனவே இருந்தது. எம்.பி.ஏ.வுக்கு மட்டும் விட்டுப்போயிருந்தது.

யோசித்துப் பாருங்கள். பி2-இல் ஓடுவது மெய்நிகர் இயந்திரம். அதன் உரிமையாளர் எதையும் குறைக்கச் சொல்லவில்லை. நிர்வாகியும் எதையும் எழுதவில்லை. லாகில் பிழைச் செய்தி இல்லை. சி.பி.யு. 100 என்று காட்டுகிறது. இயந்திரம் மட்டும் நொண்டுகிறது. சர்வரை ரீபூட் செய்தால் சரியாகிவிடும். அதனால் காரணமும் தெரியாமலே போய்விடும்.

திருத்தம் எளிமையானது. புதுக் குழு பிறக்கும்போதே எம்.பி.ஏ. மதிப்பை டீஃபால்ட்டாக, அதாவது தடுப்பே இல்லாத நிலைக்கு, எழுதிவிட வேண்டும். 2019 ஏப்ரலில் அந்தத் திருத்தம் சேர்க்கப்பட்டு, 5.2 கெர்னலோடு வெளிவந்தது. சில வரிகள்தான்.

5. மீதிக் கணக்கில் ஒரு பொறி

கெர்னல் சரியாக இருந்தாலும் அதன் மேலே உட்காரும் மேலாண்மை மென்பொருளும் டீஃபால்ட்டைச் சரியாகப் படிக்க வேண்டும்.

லிப்விர்ட்டில் முதலில் வந்த நிரலில் ஒரு சோதனை இருந்தது. மற்றக் குழுக்களுக்குக் கொடுத்தது போக 100-இல் மீதி எவ்வளவு என்று பார்க்கும். மீதியைவிட அதிகம் கேட்டால் இயந்திரத்தைத் தொடங்க விடாது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ராமைப் பங்கிடும்போது அப்படித்தானே செய்கிறோம்?

ஆனால் மேலே (அ)-வில் சொன்னதை நினைவில் வைத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். தனிக் குழு எதிலும் சேராத எல்லா வேலையும் பொதுக் குழுவில் இருக்கிறது. அதன் டீஃபால்ட் 100. இந்த 100-ஐ "அவன் எடுத்துக்கொண்ட பங்கு" என்று கழித்தால்,

100 − 100 = 0.

மீதி பூச்சியம். இனி 30 கேட்டு வருகிற இயந்திரத்துக்கு "இடமில்லை, போ" என்றுதான் பதில் வரும். சாலை காலியாகக் கிடக்கும். வண்டி யார்டுக்குள்ளேயே நிற்கும். இத்தனைக்கும் 30 என்பது அதிகம் கேட்பதே இல்லை. "எனக்கு வாட்ச்மேன் போடுங்க, நான் மெதுவாகவே போறேன்" என்று சொல்வது. அடங்கிப் போகிறேன் என்று சொல்பவனை வாசலிலேயே திருப்பி அனுப்புவது என்ன நியாயம்?

பிழை கூட்டல் கழித்தலில் இல்லை. தடுப்பு அளவைப் பங்கு அளவாக நினைத்ததுதான் பிழை. எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று தெரியாமல் அதைக் கழிக்கக் கூடாது.

6. எல்லா இடத்திலும் 100 என்றால் 100 அல்ல

"சரி, காலியா இருந்தா 100-ன்னு எழுதிட்டா முடிஞ்சுது" என்று தோன்றும். அதுவும் ஆபத்து. ஏ.எம்.டி. எபிக் பிராசஸர்களிலும் இந்த வசதி உண்டு. ஆனால் அங்கே எண் சதவீதம் இல்லை. ஒரு ஜிகாபைட்டில் எட்டில் ஒரு பங்கு என்ற அலகு. தடுப்பு இல்லை என்பதற்கு அங்கே இருக்கும் எண் 2048. அந்த இயந்திரத்தில் நாம் 100 என்று எழுதினால்,

100 ÷ 8 = 12.5 ஜிகாபைட்.

முழுசாகக் கொடுத்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு, எல்-3 கேஷ் ஒவ்வொன்றுக்கும் 12.5 ஜிகாபைட்டில் பூட்டுப் போட்டுவிடுவோம். ஆகவே டீஃபால்ட் எண்ணை நாமாக மனதில் வைத்து எழுதக் கூடாது. இயந்திரத்தைக் கேட்டுத்தான் எழுத வேண்டும். குறைந்தபட்சம் எவ்வளவு, படி எவ்வளவு என்பதை ரெஸ்கண்ட்ரோலின் இன்ஃபோ டைரக்டரியே சொல்லும்.

7. வேலைக்குப் போகும் நண்பர்கள் கவனத்துக்கு

அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் டேட்டா சென்டர்கள் இருக்கின்றன. டிப்ளமோ முடித்து அங்கே போகிறவர்கள் கீழ்க்கண்டவற்றைக் குறித்துக்கொள்ளலாம்.

• சி.பி.யு. தகவல் கோப்பில் எம்.பி.ஏ. என்ற குறி இருக்கிறதா பாருங்கள். நம்ம லேப் கணினி மாதிரி சாதாரண டெஸ்க்டாப்பில் பெரும்பாலும் இருக்காது, சர்வரில் இருக்கும்.

• கெர்னல் 5.2-க்கு முந்தையதா பாருங்கள். பழையது என்றால் திருத்தம் பின்னர் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று மேலே சொன்ன ஐந்து படிகளையும் செய்து நீங்களே சோதிக்கலாம். இரண்டு நிமிட வேலை.

• மெய்நிகர் இயந்திரம் ஒன்று காரணமில்லாமல் மெதுவாக ஓடினால், அது எந்தக் குழுவில் இருக்கிறது, ஸ்கீமேட்டாவில் என்ன எண் என்று முதலில் படியுங்கள். "நான் எதுவும் எழுதலையே" என்பது பதில் ஆகாது.

• ஒரே கோரின் இரண்டு த்ரெட்டுகளை வெவ்வேறு குழுக்களுக்குக் கொடுக்காதீர்கள். சில சிப்புகளில் இரண்டில் குறைந்த அளவே இரண்டுக்கும் விழும்.

• குழுவை உருவாக்கும் ஸ்கிரிப்ட் நீங்கள் எழுதினால், எல்லா சாக்கெட்டுக்கும் மதிப்பை வெளிப்படையாக எழுதுங்கள். காலியாக விடாதீர்கள்.

முடிவுரை

கடைசியாக ஒன்று சொல்லி முடிக்கிறேன். முதல் ஆண்டில் ஓர் அலுவலகத்தில் படிவம் ஒன்று கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் படிவம் நிரப்பத் தெரிந்த ஆள் நான் மட்டும்தான். கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வேறு ஆள் இல்லை. பயணச் சலுகை என்ற கட்டத்துக்கு எதிரே என்ன எழுதுவது என்று புரியாமல் காலியாக விட்டுவிட்டேன். கேட்பார்கள், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். யாரும் கேட்கவில்லை. காலி என்றால் "வேண்டாம்" என்று எடுத்துக்கொண்டார்கள். அந்த வருடம் முழுக்க டிக்கெட் வாங்கித்தான் வந்தேன். அதில் யார்மேலும் கோபம் இல்லை. ஆனால் காலிக் கட்டத்துக்கும் ஓர் அர்த்தம் இருக்கிறது, அதை யாரோ முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

டீஃபால்ட் என்பது கேட்கத் தெரியாதவனுக்குக் கிடைப்பது. கேட்கத் தெரிந்தவன் 30, 50 என்று எழுதிக்கொள்வான். எழுதத் தெரியாதவனுக்கு, எழுத மறந்தவனுக்கு, எழுத வேண்டும் என்றே தெரியாதவனுக்கு என்ன கிடைக்கும் என்பதை புரோகிராம் எழுதுபவர்தான் தீர்மானிக்கிறார். அவர் யோசித்துத் தீர்மானிக்காவிட்டால், முன்னால் போனவன் விட்டுப்போன எண் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நண்பர்களே, நாளைக்கு அந்தப் புரோகிராமை எழுதப்போவது நாம்தான். வேரியபிளுக்கு முதல் மதிப்பு கொடுத்தியா என்று ஆசிரியர் கேட்டால் இனிமேல் சும்மா தலையாட்ட வேண்டாம். திரும்பிப் போய் ஒருமுறை பார்த்துவிட்டு வருவோம்.

படித்ததைச் சோதிக்க மூன்று வினாக்கள்

1. ஒரு சர்வரில் ஐந்து குழுக்கள், ஐந்திலும் 100. இது பிழையா? காரணம் கூறுக.

2. 40 சதவீதம் குறித்த இரண்டு கோர் இயந்திரம், 20 சதவீதம் குறித்த எட்டு கோர் இயந்திரம். எது பாதையை அதிகம் அடைக்க வாய்ப்பு உண்டு?

3. ஏ.எம்.டி. எபிக் சர்வரில் 4 ஜிகாபைட் கட்டுப்பாடு வேண்டும். ஸ்கீமேட்டாவில் எழுத வேண்டிய எண் எது?

விடைகள்: 1. பிழை இல்லை, 100 என்பது தடுப்பு இல்லை என்பதையே குறிக்கும், பங்கை அல்ல. 2. எட்டு கோர் இயந்திரம்; தடுப்பு கோருக்குக் கோர் தனி என்பதால் 8 × 20 = 160, மற்றது 2 × 40 = 80. 3. 4 × 8 = 32.